24 கட்டில் ஒரு கதிர்

ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வட பகுதியிலும் ஒரு காலத்தில் அறுவடை வயலில் நின்று பேசியவர்கள் மூட்டைக் கணக்கு பேசவில்லை. திரேவ் கணக்கு பேசினார்கள். இன்று அந்த ஊர்களிலேயே தெருவில் நிறுத்திக் கேட்டால் பத்தில் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். அகராதிகள் அதை வழக்கொழிந்த சொல், வட்டாரச் சொல் என்று ஓரத்தில் வைத்துவிட்டன. எனக்கு அந்த அளவின் மேல் பல வருஷங்களாக ஒரு பிடிப்பு உண்டு. ஒரு ராஜா, ஒரு மருத்துவமனை, கூலிக்கு அறுத்த ஆட்கள், ஒரு சுண்டெலி என்று யார் யாரோ அந்த ஒரே அளவுக்குள் வந்து பங்கு கேட்டிருக்கிறார்கள்.

முதலில் அது எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். அறுப்பவர்கள் அரிவாளோடு முன்னே போவார்கள். அறுத்த தாளை அரி அரியாகப் போட்டுக்கொண்டே போவார்கள். பின்னால் வருகிற ஆள் அந்த அரிகளை வாரிச் சேர்த்து, அதே பயிரின் தாளை முறுக்கிப் பிரியாக்கி, நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குவார். அது ஒரு கட்டு. பன்னிரண்டு கட்டுகளை அடி தரையில் ஊன்றி, கதிர் மேலே இருக்கும்படி, ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தினால் ஒரு ஸ்டூக். இரண்டு ஸ்டூக், அதாவது 24 கட்டு, ஒரு திரேவ். ஊருக்கு ஊர் எண்ணிக்கை கூடியும் குறைந்தும் இருந்தது. ஆனாலும் 24 என்பதே பரவலான கணக்கு.

அந்தக் கட்டுகளை ஏன் நிறுத்தி வைக்க வேண்டும், நேரே களத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று வெயில் ஊர்க்காரர்களுக்குத் தோன்றும். அங்கே வெயிலை நம்ப முடியாது. அறுத்த தாளில் ஈரம் இருக்கும், கூடவே வளர்ந்த களையிலும் ஈரம் இருக்கும். அப்படியே போராக அடுக்கினால் உள்ளே சூடேறிப் புழுங்கிப் போகும், தானியம் முளைவிடும், பூசணம் பிடிக்கும். அதனால் காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி வயலிலேயே நிறுத்திக் காய வைத்தார்கள். ஓட்ஸ் கட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணியைக் கேட்ட பிறகுதான் வயலை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று இங்கிலாந்தில் ஒரு பேச்சே உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் பயிர் வெட்டவெளியில், எல்லாருடைய கண்ணுக்கும் எதிரே நிற்கும். பங்குக்கு உரியவர்கள் எல்லாரும் வந்து எண்ணிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். தேவாலயத்துக்குப் பத்தில் ஒரு கட்டு என்ற தசமபாகத்தை எடுக்க வந்தவர்களும் அப்படி எண்ணித்தான் எடுத்தார்கள்.

இங்கேதான் இந்த அளவின் விசித்திரம் இருக்கிறது. திரேவ் தானியத்தை அளப்பதே இல்லை. 24 கட்டை அடித்துத் தூற்றினால் எவ்வளவு மணி தேறும் என்பது அந்த வருஷத்து மழையைப் பொறுத்தது, மண்ணைப் பொறுத்தது, கதிர் பால் பிடித்த நாட்களில் அடித்த காற்றைப் பொறுத்தது. நல்ல வருஷத்துத் திரேவும் பதர் வருஷத்துத் திரேவும் எண்ணிக்கையில் ஒன்றுதான். குதிருக்குள் கொட்டினால் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம்.

தானியத்தை அளக்க அவர்களுக்கு வேறு பாத்திரங்கள் இருந்தன. ஸ்காட்லாந்தில் ஃபிர்லாட் என்றொரு மரப் பாத்திரம். நான்கு ஃபிர்லாட் சேர்ந்தால் ‘போல்’ என்ற பெரிய அளவு. மூல ஃபிர்லாட்டை லின்லித்கோ ஊரின் பொறுப்பில் வைத்திருந்தார்கள். நாடு முழுவதும் அதை வைத்தே சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். அதிலும் கோதுமைக்கு ஒரு ஃபிர்லாட், பார்லிக்கும் ஓட்ஸுக்கும் அதைவிடப் பெரிய இன்னொரு ஃபிர்லாட். பாத்திரத்தின் வாய் மட்டத்துக்குக் கோலால் தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்ற சண்டை பிரிட்டன் முழுவதும் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. 1824-இல் அளவுகளை ஒரே சீராக்கச் சட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகும் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று, குவித்து அளக்கும் வழக்கத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க. குவியலின் உச்சி யாருக்குச் சேரும் என்பதில் அவ்வளவு காசு இருந்தது.

பாத்திரம் சந்தைக்கு உரியது. திரேவ் வயலுக்கு உரியது. அதில் பங்கு வாங்குகிறவர் விளைச்சலின் அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார். அவருக்கு இவ்வளவு மணி என்ற உறுதி கிடையாது. விவசாயிக்குக் கெட்ட வருஷம் என்றால் அவருக்கும் கெட்ட வருஷம்தான். இது எனக்கு மிகவும் நியாயமான ஏற்பாடாகவே தோன்றுகிறது. ஆனால் இந்த நியாயம் சண்டையில்லாமல் நடந்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இந்த அளவு அந்த மண்ணுக்குக் கடல் தாண்டி வந்தது. பழைய நார்ஸ் மொழியில் அது த்ரெஃபி. டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் உழுது பிழைத்த பகுதிகளில்தான் அது ஆழமாக வேர் பிடித்தது. அதில் முக்கியமானது யார்க்‌ஷயர்.

அந்த யார்க்‌ஷயரில்தான் திரேவின் மிகப் பெரிய கதை நடக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஏதெல்ஸ்டன் ராஜா ஸ்காட்லாந்து மேல் படையெடுத்துப் போகும் வழியில் யார்க் நகரில் தங்குகிறார். அங்கே தூய பேதுரு தேவாலயத்தைச் சேர்ந்த குருமார் தங்களிடம் இருக்கும் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஏழைகளுக்குச் சோறு போடுவதைப் பார்க்கிறார். ஜெயித்துத் திரும்பும்போது, யார்க் மறைமாவட்டத்தில் உழுகிற ஒவ்வொரு ஏருக்கும் ஒரு திரேவ் தானியம் அவர்களுக்குச் சேர வேண்டும் என்று மானியம் எழுதிக் கொடுக்கிறார். அந்தத் தானியத்தை வைத்து ஒரு மருத்துவமனை நடந்தது; இப்படித்தான் அந்த மருத்துவமனைக்காரர்கள் தங்கள் தோற்றத்தைச் சொல்லி வந்தார்கள். ராஜா அந்த வழியாக வந்த கதையில் கொஞ்சம் புராணம் கலந்திருக்கலாம். மானியம் புராணமில்லை. அதற்குப் பேதுரு தானியம் என்று பெயர். யார்க்‌ஷயர் மட்டுமில்லாமல் கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து, லங்காஷயர் வரைக்கும் போய் அதை வசூலித்திருக்கிறார்கள்.

1137-இல் யார்க் நகரம் எரிந்தபோது அந்த மருத்துவமனையும் பாதிக்கப்பட்டது. ஸ்டீபன் ராஜா காலத்தில் திரும்பக் கட்டி, தூய லெனர்ட் பெயரை வைத்தார்கள். வட இங்கிலாந்திலேயே மிகப் பெரிய மருத்துவமனையாக அது வளர்ந்தது. ஒரே சமயத்தில் இருநூறு நோயாளிகளுக்கு மேல் இருந்திருக்கிறார்கள். அதோடு அநாதைக் குழந்தைகள், வயதானவர்கள், வாசலில் வந்து நிற்கிற ஏழைகள். அத்தனை வயிற்றுக்கும் ரொட்டி வேண்டும். எங்கேயோ ஒரு மேட்டு நிலத்தில் ஒருவன் ஏர் பூட்டினால், அவன் அறுவடையில் 24 கட்டு யார்க் நகரத்து நோயாளியின் தட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பணம் அதிகம் புழங்காத ஒரு காலத்தில், இவ்வளவு பெரிய நிலப்பரப்பில், இத்தனை வருஷம் ஒரு பொது மருத்துவமனையை கதிர்க் கட்டு எண்ணிக்கையை வைத்தே நடத்தியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. அதன் மிச்சத்தை யார்க் அருங்காட்சியகத் தோட்டத்து வாசலருகே பார்க்கலாம். கல் வளைவுகளோடு ஒரு கீழ்த்தளமும், அதற்கு மேல் கூரையில்லாத ஒரு சிற்றாலயமும் நிற்கின்றன. தோட்டத்துக்குள் ரோமானியர் கட்டிய கோபுரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒரு நிமிஷம் நின்று, இந்தச் சுவருக்குள் இருந்தவர்களுக்குச் சோறு போட்டது கட்டுக் கட்டாக வந்த தானியம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

கொடுத்தவர்கள் எல்லா நாளும் மனசாரக் கொடுத்தார்களா? இல்லை. ஏழைக்கு என்று வாங்கிப்போகும் தானியத்தை உள்ளே இருக்கிற தலைவர்களே தின்கிறார்கள் என்ற பேச்சு வளர்ந்தது. 1469-இல் யார்க்‌ஷயரில் கிளர்ச்சி வெடித்தது. அதற்குக் காரணம் இந்தத் தானிய வசூல்தான் என்று அடுத்த நூற்றாண்டில் வரலாறு எழுதிய பாலிடோர் வெர்ஜில் சொல்கிறார். அந்த வருஷம் வடக்கில் கலகம் செய்தவர்களுக்கு வேறு அரசியல் காரணங்களும் இருந்தன. பெர்சி குடும்பத்திடமிருந்து பறித்த பிரபு பட்டத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ராபின் ஆஃப் ஹோல்டர்னெஸ் என்ற பெயரில் தலைமை தாங்கியவரின் தலையை யார்க்கிலேயே வெட்டினார்கள். 1539-இல் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது மருத்துவமனையும் முடிவுக்கு வந்தது. வசூல் மேல் இருந்த கோபத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் வசூலோடு சேர்ந்து இருநூறு படுக்கைகளும் போய்விட்டன என்பதை மறக்க முடியவில்லை.

கூலி ஆட்களின் திரேவ் வேறு கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்தில் அறுப்புக் கூலி பல இடங்களில் நாள் கணக்கில் இருந்தது. சில ஆட்கள் வரிசையாக அறுக்க, பின்னால் ஒருவர் கட்டுக் கட்டிக்கொண்டே வருவார். வரிசைக்கு வரிசை போட்டி மூட்டிவிடுவதும் உண்டு. அந்தப் போட்டிக்குக் கெம்ப் என்று பெயர். பார்க்கிறவர்களுக்கு உற்சாகமாக இருக்கும், பாட்டும் சிரிப்பும் இருக்கும். ஆனால் பின்தங்குகிற கிழவிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அது கொடுமை. இன்னொரு முறை, திரேவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு அறுப்பது. அதில் அவரவர் வேகம் அவரவருக்கு. குடும்பமாக ஒரு பாத்தியைப் பிடித்துக்கொண்டு, தாய் அறுக்க, பிள்ளை அரி பொறுக்க, தகப்பன் கட்ட, சாயங்காலம் ஸ்டூக்கை எண்ணிக் கூலி வாங்கலாம்.

எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கட்டு மெலியும். இது எந்த ஊரிலும் நடப்பது. இடுப்பளவு பிடிக்க வேண்டிய கட்டை ஒல்லியாகக் கட்டினால் அதே வயலில் அதிகத் திரேவ் தேறும். அதற்காகக் கட்டின் பருமனுக்குக் கவை வடிவில் ஓர் அளவுகோலையே செய்து வைத்தார்கள். பிரி சுற்றியிருக்கும் இடத்தில் அந்தக் கவையை வைத்துப் பார்ப்பார்கள். கட்டு மெலிந்திருந்தால் கவைக்குள் தொளதொளவென்று ஆடும். அப்படி ஆடினால் அந்த ஸ்டூக்கு கணக்கில் சேராமல் போகும் அபாயம் உண்டு. பிரியை இளக்கிக் கட்டினால் கவைக்குச் சரியாக இருக்கும், வண்டியில் ஏற்றும்போது அவிழ்ந்துவிடும். இப்படி இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள்.

இதெல்லாம் போனது இயந்திரத்தால். ஆண்ட்ரூ மீக்கிள் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1780-களில் கதிரடிக்கும் இயந்திரத்தைச் செய்தார். 1828-இல் பாட்ரிக் பெல் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். அந்த நூற்றாண்டின் கடைசியில், அறுத்துத் தானே நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டித் தள்ளும் இயந்திரம் வந்தது. அது போடும் கட்டு எல்லாம் ஒரே பருமன், கவை வைத்துப் பார்க்க அவசியமில்லை. பிறகு அறுப்பும் அடிப்பும் ஒரே வண்டியில் முடிகிற கம்பைன் வந்தபோது கட்டு என்பதே இல்லாமல் போயிற்று. கட்டு இல்லாத வயலில் 24 கட்டுக்கு என்ன வேலை?

ஆனாலும் இந்தச் சொல் முழுவதுமாகச் சாகவில்லை. ஒரே ஒரு வரி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785 நவம்பரில் எழுதிய சுண்டெலிக் கவிதை. ஏர் ஓட்டும்போது கொழு ஓர் எலிக்கூட்டைப் பிய்த்துவிடுகிறது. எலி பதறி ஓடுகிறது. கலப்பையில் ஒட்டும் மண்ணைச் சுரண்டும் கோலை எடுத்துக்கொண்டு நான் உன்னைத் துரத்த மாட்டேன் என்று அதனிடம் பேசத் தொடங்குகிறார். நீ திருடுகிறாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, பாவம், நீயும் பிழைக்க வேண்டுமே, ஒரு திரேவில் எப்போதோ ஒரு கதிர் என்பது சின்ன வேண்டுகோள்தானே, மிச்சம் இருப்பதே எனக்கு ஆசீர்வாதம் என்கிறார்.

பள்ளிக்கூடங்களில் இந்தக் கவிதையைச் சொல்லிக் கொடுக்கும்போது அதன் கடைசிப் பகுதியில் வரும், திட்டமிட்டதெல்லாம் தவறிப்போகும் என்ற வரிக்கு எல்லாரும் ஓடிவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வரி இந்தத் திரேவ் வரிதான். ஒரு கட்டில் நூற்றுக்கணக்கான தாள் இருக்கும். 24 கட்டில் கதிர் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் ஒன்று. அதுவும் எல்லாத் திரேவிலும் இல்லை, எப்போதாவது. அந்தக் கணக்கு அறுவடை வயலில் நின்றவனுக்குத்தான் வாயில் வரும். பேதுரு தானியம் கேட்ட மருத்துவமனையைப் போல, தசமபாகம் கேட்ட குருவைப் போல, எலியையும் அறுவடையில் பங்கு கேட்டு வருகிற ஓர் ஆளாகவே அவர் பார்க்கிறார். அதன் பங்கு எவ்வளவு என்று வயல்காரர்களின் அளவிலேயே சொல்கிறார்.

அதை அவர் எந்த நிலையில் இருந்து சொன்னார் என்று தெரிந்தால் வரி இன்னும் கனக்கும். அப்பா வில்லியம் வாழ்நாள் முழுவதும் குத்தகை நிலத்தில் உழைத்து, நிலக்காரரோடு வழக்காடி, கையில் ஒன்றுமில்லாமல் 1784 பிப்ரவரியில் இறந்தார். ராபர்ட்டும் தம்பி கில்பர்ட்டும் சேர்ந்து ஏர்‌ஷயரில் மாக்லின் ஊருக்குப் பக்கத்தில் மாஸ்கீல் என்ற பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். 118 ஏக்கர், வருஷத்துக்கு 90 பவுன். மேட்டு நிலம், களிமண், நீர் வடியாது. முதல் வருஷம் வாங்கிய விதை கெட்ட விதை. இரண்டாம் வருஷம் அறுவடை தாமதமாகிவிட்டது. இரண்டு வருஷமும் விளைச்சலில் பாதி போயிற்று என்று பின்னால் ஒரு கடிதத்தில் அவரே எழுதுகிறார்.

அந்த இரண்டாம் வருஷம்தான் 1785. தாமதமான அறுவடை என்றால் அந்த ஊரில் என்ன அர்த்தம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஓட்ஸ் பச்சையாகவே நிற்கும், பகல் சுருங்கிக்கொண்டே வரும், அறுத்து நிறுத்திய ஸ்டூக்குகள் மழையில் நனைந்து காயாமல் கறுக்கும், கட்டுக்குள்ளேயே மணி முளைவிடும். மூன்று ஞாயிறு போதாது. அப்படி ஓர் அறுவடையை முடித்து, குத்தகைப் பணத்துக்கு வழி தெரியாமல், நவம்பர் குளிரில் அடுத்த பட்டத்துக்கு ஏர் ஓட்டுகிறபோதுதான் எலிக்கூடு பிய்கிறது. இருப்பதில் பாதியை இழந்தவர் எலிக்கு ஒரு கதிர் ஒதுக்குகிறார். நிறைந்த களத்தில் நின்றுகொண்டு யாரும் தாராளமாகப் பேசலாம். அவர் நின்ற இடம் அதுவல்ல.

இதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் மனிதர்களுக்கு அந்த ஒரு கதிரும் உரிமையா என்ற வழக்கு நீதிமன்றத்தில் நடந்தது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொள்வது ஏழைப் பெண்களும் குழந்தைகளும் காலம் காலமாகச் செய்து வந்தது. பைபிளிலேயே வயலின் ஓரத்தை வழித்து அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, எளியவனுக்கு விடு என்று கட்டளை இருக்கிறது. சஃபோக் பகுதியில் டிம்வர்த் என்ற ஊரில் மேரி ஹௌட்டன் என்ற பெண் அப்படிப் பொறுக்கியதற்காக நிலக்காரர் ஸ்டீல் வழக்குப் போட்டார். 1788-இல் தீர்ப்பு. பொதுச் சட்டப்படி அப்படியோர் உரிமை யாருக்கும் கிடையாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். நால்வரில் கோல்ட் என்ற ஒருவர் மட்டும் உடன்படவில்லை, பழைய வழக்கத்தையும் வேதக் கட்டளையையும் காட்டி எதிர்த்து எழுதினார். லஃப்பரோ பிரபுவும் மற்ற இருவரும் ஒருவர் நிலத்தில் விளைந்தது முழுவதும் அவருக்கே என்ற பக்கம் நின்றார்கள். தீர்ப்புக்குப் பிறகும் பெண்கள் வயலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பல ஊர்களில் காலையில் மணி அடித்த பிறகே எல்லாரும் ஒன்றாக இறங்க வேண்டும் என்ற ஒழுங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தது. ஆனால் உரிமை என்று கேட்க வாயில்லாமல் போயிற்று, நிலக்காரர் விட்டால் உண்டு.

திரேவ் கணக்கில் யோசித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வயலில் நிற்கும்போதே பலருக்கும் பங்கு உள்ளது என்பதுதான் அந்த எண்ணிக்கையின் அடிப்படை. பங்கு எவ்வளவு என்பதில் சண்டை போட்டார்கள், தலை உருண்டது, கவை வைத்து அளந்தார்கள். பங்கே கிடையாது என்று யாரும் சொன்னதில்லை. எலி கவிதையை நான் வெறும் இரக்கப் பாட்டாக ஏற்க மறுப்பது இதனால்தான். எலியைத் திருடன் என்று அவர் ஒத்துக்கொள்கிறார், ஒத்துக்கொண்ட பிறகும் அதன் பங்கைத் தருகிறார். நீதிபதிகளுக்கு அது முடியவில்லை.

கவிதை 1786 ஜூலையில் கில்மார்னக் நகரில் புத்தகமாக வந்தது. 612 பிரதி, விலை மூன்று ஷில்லிங். பிழைப்புக்காக ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறிவிடலாம் என்று ராபர்ட் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. புத்தகம் விற்றது, பயணம் நின்றது, அடுத்த வருஷம் எடின்பரோவில் பெரிய பதிப்பு வந்தது, அதில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது. மாஸ்கீலில் கில்பர்ட் தனியாகத் திணறிக்கொண்டிருந்தார். அம்மாவும் உடன்பிறந்தவர்களும் அந்தப் பண்ணையை நம்பித்தான் இருந்தார்கள். ராபர்ட் தமக்கு வந்த பணத்திலிருந்து ஏறக்குறைய 180 பவுனைத் தம்பிக்குக் கடனாகக் கொடுத்தார். அந்தப் பண்ணையின் இரண்டு வருஷக் குத்தகை அது. அதற்குப் பிறகு பத்து வருஷம் வரைக்கும் கில்பர்ட் அதே வயலில் ஏர் ஓட்டினார்.